ஆற்றை பாதுகாப்பு?

போன மாசியில் கொழும்பிலிருந்து ஒரு தூதரகம் என்னை அழைத்தது. ஒரு நாள் வேலை. வலிகாமம் வடக்கில் ஒரு கரையோரக் கிராமத்தில் கூட்டம், தங்களுடைய பாதுகாப்புப் பிரிவு ஆட்கள் வருகிறார்கள், தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இடையில் உரைபெயர்க்க ஒருவர் வேண்டும் என்றார்கள். எந்த நாடு என்று எழுத மாட்டேன். அப்படி எழுதுவதில்லை என்று ஒப்புக்கொண்டுதான் கையெழுத்து வைத்தேன், அதோடு நான் சொல்லப்போவது அந்த ஒரு நாட்டைப் பற்றியதும் இல்லை. யாழ்ப்பாணத்தில் பன்னிரண்டு வருடமாக இந்த வேலை செய்கிறேன். கண்ணிவெடி எடுக்கிறவர், பல்கலைக்கழகத்துக்காரர், ஐ.நா. காரர், தண்ணீர்த் திட்டக்காரர் என்று எத்தனையோ பேருக்கு வாயாக இருந்திருக்கிறேன். ஒரு சொல்லுக்குத் தமிழ் கிடைக்காமல் நடுக்கூட்டத்தில் வாயடைத்து நின்றது அன்றைக்கு மட்டும்தான்.

கூட்டம் கடற்றொழிலாளர் சங்கக் கட்டடத்தில். பத்து மணிக்கு என்று சொல்லியிருந்தபடியால் சனம் ஒன்பதரைக்கே வந்துவிட்டது. விடிய வலை தூக்கிவிட்டு நித்திரை கொள்ளாமல் வந்த ஆண்கள், பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை விட்டுவிட்டு வந்த பெண்கள், முன்வரிசையில் ஐந்தாறு வயதானவர்கள். வாடை அடங்கிக்கொண்டிருந்த நாள், வெளியில் காய்கிற வலையின் மணம் உள்ளே வரும். வாகனம் வந்தபோது பதினொன்றரை தாண்டிவிட்டது. முதலில் பலாலியில் படைத் தலைமையகத்துக்குப் போய், அங்கே தேநீர் குடித்து, படம் எடுத்து, பிறகுதான் எங்களிடம் வந்தார்கள். திரும்பிப் போகிற விமானத்துக்கு நேரமாகிவிடும் என்பதால் எங்களுக்கு மிஞ்சியது நாற்பது நிமிடம். அதில் பாதி உரைபெயர்ப்புக்கே போய்விடும் என்பது இந்தத் தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரியும். சனம் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. எனக்குத்தான் வயிறு எரிந்தது.

வந்தவர் ஒரு கேணல். சீருடை இல்லை, வெள்ளைச் சட்டை. மரியாதையான மனுசர், வரிசையாக எல்லோருக்கும் கைகூப்பினார். கூட வந்த பெண் அரசியல் பிரிவு என்றார், கையில் குறிப்புப் புத்தகம். கேணல் எழுந்து, எங்கள் நாடு இலங்கையோடு செய்கிற செக்யூரிட்டி செக்டர் ரிஃபோர்ம் வேலை பற்றி உங்கள் அபிப்பிராயம் கேட்க வந்திருக்கிறோம் என்றார். நான் அகராதியில் இருக்கிறபடியே “பாதுகாப்புத் துறைச் சீர்திருத்தம்” என்று சொன்னேன். சத்தமே இல்லை. இரண்டாவது வரிசையில் இருந்த ஒரு மாமி, எழுபது வயதிருக்கும், என்னைப் பார்த்து மெல்லக் கேட்டார்: “ஆற்றை பாதுகாப்பு, பிள்ளை?” யாருடைய பாதுகாப்பு என்று.

நான் அதை ஆங்கிலத்தில் சொல்லப் போனபோதுதான் சிக்கல் விளங்கியது. ஆங்கிலத்தில் டிஃபென்ஸ் வேறு, செக்யூரிட்டி வேறு, சேஃப்டி வேறு, புரொடெக்ஷன் வேறு. நாலுக்கும் நாங்கள் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். அதுவும் எங்கள் ஊரில் அந்தச் சொல்லின் மேல் என்னவெல்லாம் ஏறிக் கிடக்கிறது! 1990 யூனில் மயிலிட்டி, பலாலி, தையிட்டி, ஊறணி என்று ஊர் ஊராகச் சனம் எழும்பி ஓடியது, பிறகு இராணுவம் வேலி போட்டு வைத்த அந்த இடத்துக்கு வந்த பெயர் உயர் பாதுகாப்பு வலயம். 2009 தையில் வன்னியில் சனத்தை வரச்சொல்லி அறிவித்த இடத்துக்கும் பாதுகாப்பு வலயம் என்றுதான் பெயர். அங்கே போனவர்களுக்கு என்ன நடந்தது என்று இங்கே யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. படைத் தலைமையகத்தின் பெயர்ப்பலகையிலும் அதே சொல், கொழும்பிலே அமைச்சின் பெயரிலும் அதே சொல். ஆகவே ஒரு வெளிநாட்டுக்காரர் வந்து “பாதுகாப்பை” இன்னும் திறமாக்கப் போகிறோம் என்றால், வேலியை இன்னும் இறுக்கப் போகிறார்கள் என்றுதான் அந்த மண்டபத்தில் விளங்கும். மாமி கேட்டது நக்கலுக்கு இல்லை. அவருக்கு உண்மையாகவே தெரிய வேண்டியிருந்தது.

நான் கேணலிடம் ஒரு நிமிடம் அனுமதி கேட்டுவிட்டு, என் சொந்தத் தமிழில் சொன்னேன்: “ஆமி, நேவி, பொலிஸ் எல்லாம் சனத்தோட எப்பிடி நடக்க வேணும், பிழை விட்டா ஆருக்குப் பதில் சொல்ல வேணும், எவ்வளவு காசு அதுக்குப் போக வேணும், எவ்வளவு இடம் அவைக்கு வேணும், இதையெல்லாம் திருத்துறதைப் பற்றிக் கதைக்க வந்திருக்கினம்.” அதுக்குப் பிறகு மண்டபத்தில் வாய் மூடவில்லை.

சரி, இந்தப் பாதுகாப்புப் பிரிவு என்பது என்ன என்று வாசிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அன்றைக்கு அங்கே இருந்த பாதிப்பேர் அவர்களைத் தூதரக வாசலில் காவல் நிற்கிறவர்கள் என்று நினைத்திருந்தார்கள். பெரிய நாடுகளின் தூதரகங்களில் தூதருக்குக் கீழே ஒரு இராணுவ அதிகாரி இருப்பார். பொதுநலவாய நாடுகளின் உயர்ஸ்தானிகராலயங்களில் அவரைப் பாதுகாப்பு ஆலோசகர் என்பார்கள், மற்றத் தூதரகங்களில் பாதுகாப்பு இணைப்பதிகாரி. ஒளிவுமறைவான பதவி இல்லை. 1961 இன் வியன்னா உடன்படிக்கையின் 7 ஆம் உறுப்புரை, இப்படியான இராணுவ இணைப்பதிகாரிகளின் பெயரை முன்கூட்டியே தரச்சொல்லிக் கேட்டுச் சம்மதம் சொல்ல ஏற்கிற நாட்டுக்கு உரிமை தருகிறது. தங்கள் படைக்கும் இந்தப் படைக்கும் நடுவில் தபால்காரர் மாதிரி நிற்பது, கூட்டுப் பயிற்சி ஒழுங்குபண்ணுவது, அதிகாரிகளைத் தங்கள் கல்லூரிகளுக்குப் படிக்க எடுப்பது, பழைய கப்பல் விமானம் கைமாற்றுவது, பார்த்ததைத் தலைநகருக்கு எழுதுவது, இதெல்லாம் அவர் வேலை. அமெரிக்கா மாதிரி நாடுகளில் இணைப்பதிகாரியின் அலுவலகம் வேறு, பயிற்சியும் தளபாடமும் பார்க்கிற பாதுகாப்பு ஒத்துழைப்பு அலுவலகம் வேறு. பனிப்போர் முடிந்த பிறகுதான் இந்தப் பட்டியலில் “சீர்திருத்தம்” என்பதும் சேர்ந்தது. படையைப் பலமாக்கினால் மட்டும் போதாது, அது பாராளுமன்றத்துக்கும் நீதிமன்றத்துக்கும் கணக்காய்வுக்கும் கட்டுப்பட்டிருக்க வேண்டும் என்ற எண்ணம். நல்ல எண்ணம்தான். அதைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை.

ஆனால் வெளிநாட்டு இராணுவ உதவி என்ற சொல்லை யாழ்ப்பாணம் முதன்முதலில் படித்தது கொழும்பில் இருந்த ஒரு இணைப்பதிகாரியிடம் இல்லை. 1987 யூலை 29 ஒப்பந்தத்தோடு வந்த இந்திய அமைதிப்படையை மாலை போட்டு வரவேற்றவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அதே வருடம் ஒக்டோபர் 21 யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் வைத்தியர்களும் தாதிகளும் நோயாளர்களுமாக எழுபது பேரளவில் அந்தப் படையின் சூட்டில் செத்ததை நினைத்து ஆஸ்பத்திரியில் வருடா வருடம் விளக்கேற்றுகிறார்கள். ஆகவே “நட்பு நாட்டுப் படை” என்று ஒருவர் சொல்லும்போது இங்கே வயதானவர்கள் முகத்தில் ஒன்றும் தெரியாமல் இருப்பார்கள். அது அவர்களுக்கு விளங்காததால் இல்லை.

தமிழ்நாட்டில் இருந்து எங்களுக்காகக் குரல் கொடுத்தவர்கள் வேறு வழியால் வந்தார்கள், இலங்கைப் படைக்குப் பயிற்சியே கொடுக்காதே என்று. 2012 யூலையில் தாம்பரம் விமானப்படைத் தளத்தில் படித்துக்கொண்டிருந்த இலங்கை விமானப்படையினரை அனுப்பச்சொல்லிப் பெரிய எதிர்ப்பு எழுந்தது. என்ன நடந்தது? அவர்களைப் பெங்களூருக்குப் பக்கத்தில் எலகங்காவுக்கு மாற்றினார்கள். பயிற்சி நிற்கவில்லை, ஊர் மாறியது. அந்த அன்பை நான் மறக்கவில்லை, ஆனால் அந்தப் பயிற்சியில் என்ன படிப்பிக்கிறார்கள், முடித்து வருகிறவர் எங்கள் சந்தியில் நிற்கும்போது எப்படி நடப்பார் என்று அப்போது ஒருவரும் கேட்கவில்லையே என்ற கவலை எனக்கு இன்றுவரை உண்டு. தடுக்க முடியாத ஒன்றுக்கு நிபந்தனையாவது வைக்கலாம்.

அடுத்த வருடம் கார்த்திகையில் கொழும்பில் பொதுநலவாய மாநாடு. பிரித்தானியப் பிரதமர் டேவிட் கமரன் யாழ்ப்பாணம் வந்தார், நூலகத்துக்குப் போனார், உதயன் பத்திரிகை அலுவலகத்தில் எரிந்த இயந்திரத்தைப் பார்த்தார், சுன்னாகம் பக்கம் முகாமில் இருபது வருடத்துக்கு மேலாக இருந்த வலிகாமம் வடக்குச் சனத்தோடு கதைத்தார். சுதந்திரத்துக்குப் பிறகு வடக்குக்கு வந்த முதல் வெளிநாட்டு அரசாங்கத் தலைவர் அவர். நூலக வாசலில் காணாமல் போனவர்களின் படத்தைத் தூக்கிக்கொண்டு அம்மாமார் ஓடிய ஓட்டம் கண்ணுக்குள் நிற்கிறது. அதே கிழமை அதே மாநாட்டில் அவுஸ்திரேலியப் பிரதமர் டோனி அபொட் இலங்கைக் கடற்படைக்கு இரண்டு ரோந்துப் படகு தருவதாக அறிவித்தார், அகதிப் படகுகளை மறிக்க. ஒரே மாநாட்டுக்கு வந்த இரண்டு நாடு. ஒருவர் எங்கள் சனத்திடம் வந்து ஏன் இன்னும் முகாமில் இருக்கிறீர்கள் என்று கேட்டார், மற்றவர் அந்தச் சனம் கடலால் போய்விடாமல் இருக்கப் படகு கொடுத்தார். இந்த ஒரு கிழமையை நினைத்தால் எனக்கு இந்த விஷயம் முழுவதும் விளங்கிவிடும்.

படகுக் கதை அன்றைக்கு மண்டபத்திலும் வந்தது. 2018 இல் ஜப்பான் இலங்கையின் கரையோரக் காவற்படைக்கு இரண்டு படகு கொடுத்தது, அதே வருடம் அமெரிக்கக் கரையோரக் காவற்படையின் ஷேர்மன் என்ற பழைய கப்பல் இலங்கைக் கடற்படைக்குக் கைமாறி, பிறகு கஜபாகு என்று பெயர் மாறியது, 2024 இல் அவுஸ்திரேலியா கடலைக் கண்காணிக்க ஒரு கிங் எயார் விமானம் கொடுத்தது. கேணல் இதையெல்லாம் கடல் பாதுகாப்பில் முன்னேற்றம் என்று சொல்லிக்கொண்டு வந்தார். பின்னால் நின்ற ஒரு அண்ணை கையைத் தூக்கினார். “ஐயா, நல்லது. அந்தப் பிளேனுக்கு இந்தியன் றோலரும் தெரியுமோ?”

அவர் கேட்டது சின்னக் கேள்வி இல்லை. கிழமையில் இரண்டு மூன்று இரவு இந்திய இழுவைமடிப் படகுகள், அதைத்தான் றோலர் என்கிறோம், வரும், வந்தால் காலையில் வலை துண்டு துண்டாக மிதக்கும். ஒரு வலைத் தொகுதி போனால் ஒரு குடும்பம் நகை அடகு வைக்கும். 2017 யூலையில் பாராளுமன்றம் இழுவைமடித் தொழிலையே தடைசெய்து சட்டம் போட்டது, அதற்கு எங்கள் கடற்றொழிலாளர் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஆக, எங்கள் சனம் கடற்படையே வேண்டாம் என்று சொல்கிறது என்று கொழும்பில் சிலர் எழுதுவது உண்மை இல்லை. கரையில் காணி வேலிக்குள் நிற்கிற படையைத் திரும்பிப் போகச் சொல்கிறோம், கடலில் வலையைக் காக்க வேண்டிய படையை ஏன் வரவில்லை என்று கேட்கிறோம். இரண்டும் ஒரே வாயிலிருந்து வரும், இரண்டிலும் நியாயம் இருக்கிறது. இதை நான் உரைபெயர்த்தபோது அந்தப் பெண் முதல்முறையாகக் குறிப்புப் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தி, இதை இன்னொருமுறை சொல்லுங்கள் என்றார்.

நல்லது நடந்ததையும் சொல்ல வேண்டும். 2016 ஓகஸ்டில் அமெரிக்க விமானப்படை பசிபிக் ஏஞ்சல் என்று ஒரு திட்டத்தோடு யாழ்ப்பாணம் வந்தது. பல், கண், பொது வைத்தியம், பாடசாலைக் கட்டடத் திருத்தம். நானும் இரண்டு நாள் உரைபெயர்த்தேன். வரிசை வெயிலில் நீண்டு போயிருக்கும். கண்ணாடி போட்டவுடன் தன் பேத்தியின் முகத்தைத் தடவிப் பார்த்த ஒரு தாத்தாவை நான் மறக்க மாட்டேன். டித்வா புயல் 2025 கார்த்திகைக் கடைசியில் வன்னியைக் கிழித்துப்போட்ட பிறகு, பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் இந்திய இராணுவப் பொறியியலாளர்கள் வந்து 120 அடி பெய்லிப் பாலம் போட்டார்கள். அந்தப் பாலத்தால் போகிற பஸ்ஸுக்கு இராணுவ ஒத்துழைப்பு என்பது வெறும் சொல் இல்லை. அப்புறம் கண்ணிவெடி. முகமாலையில் வெயிலுக்குள் முழங்காலில் இருந்து மண்ணை விரல் விரலாகச் சுரண்டிய எங்கள் பெண் பிள்ளைகளின் சம்பளம் பிரித்தானியா, அமெரிக்கா, ஜப்பான் மாதிரி நாடுகளின் உதவிப் பணத்திலிருந்து வந்தது. அது பெரும்பாலும் வெளிநாட்டமைச்சுக் காசு, பாதுகாப்பு அமைச்சுக் காசு இல்லை. எண்டாலும் என்னைக் கேட்டால் இந்த முப்பது வருடத்தில் வடக்குக்கு வந்த பாதுகாப்பு உதவியில் மிகச் சுத்தமானது அதுதான். அது முடிந்த இடத்தில் மனுசர் கால் வைக்கலாம்.

மருத்துவ முகாம், பாலம், படகு எல்லாம் படையின் திறமையோடு சம்பந்தப்பட்டவை. படத்துக்கு நல்லா இருக்கும், மூன்று நாளில் முடியும். சீர்திருத்தத்தின் மற்றப் பாதி, பதில் சொல்லுதல், அதற்குப் படம் எடுக்க முடியாது. ஆனால் அது நடக்கவே முடியாதது என்றும் இல்லை. 2007 இல் ஹெயிட்டியில் ஐ.நா. அமைதிப்படையில் இருந்த இலங்கைச் சிப்பாய்களில் நூற்றுக்கு மேற்பட்டவர்களைப் பாலியல் சுரண்டல் குற்றச்சாட்டில் திருப்பி அனுப்பினார்கள். அதன் நிழல் நீளமாக விழுந்து, கடைசியில் 2018 மார்கழியில் ஒரு ஒழுங்கு வந்தது: அமைதிப்படைக்குப் போகிற ஒவ்வொருவரின் பின்னணியையும் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு பார்க்க வேண்டும். அடுத்த வருடம் சவேந்திர சில்வா இராணுவத் தளபதியாக நியமிக்கப்பட்டபோது, 2009 இறுதிப் போரில் 58 ஆவது படைப்பிரிவை நடத்தியவர் அவர், ஐ.நா. இலங்கை இராணுவத்தைப் புதிதாக எடுப்பதை இடைநிறுத்தியது. 2020 மாசியில் அமெரிக்கா அவருக்கு நுழைவுத் தடை போட்டது, 2025 பங்குனியில் பிரித்தானியா தடைப்பட்டியலில் சேர்த்தது. அமெரிக்காவில் லேஹி சட்டம் என்று ஒன்று இருக்கிறது, பாரதூரமான மனித உரிமை மீறலில் ஈடுபட்டதாக நம்பத்தகுந்த தகவல் உள்ள படைப்பிரிவுக்கு உதவி கொடுக்கக் கூடாது என்று. இவை எல்லாம் போதுமா என்றால் போதாது, நீதி இது இல்லை. ஆனால் வெளிநாட்டுப் பயிற்சிக்கும் சம்பளத்துக்கும் ஒரு வாசல் வைத்து அந்த வாசலில் உன் கை சுத்தமா என்று கேட்டால் படை அதைக் கவனிக்கிறது. நான் கண்டதில் இது ஒன்றுதான் உண்மையாக வேலை செய்கிற கருவி.

அதனால்தான் வாசல் இல்லாத ஒத்துழைப்பைக் கண்டால் பயமாக இருக்கிறது. 2025 சித்திரை 5 ஆம் திகதி இந்தியாவும் இலங்கையும் பாதுகாப்பு ஒத்துழைப்பு உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்து வைத்தன. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று சனத்துக்குக் காட்டவில்லையே என்ற குறை அப்போதே எழும்பியது. எங்கள் கடலுக்கு இரண்டு பக்கமும் இருக்கிற நாடுகள் எங்கள் கடலைப் பற்றிக் கையெழுத்து வைத்தால் அதைக் கடலில் இறங்குகிறவன் வாசிக்க வேண்டாமா?

ஆட்குறைப்பும் சீர்திருத்தத்தில் சேரும். 2023 தையில் அரசாங்கமே சொன்னது, 200,783 ஆக இருக்கிற இராணுவத்தை அடுத்த வருடத்துக்குள் 135,000 ஆகவும் 2030 இல் 100,000 ஆகவும் குறைப்போம் என்று. மனித உரிமைக்காக இல்லை, காசில்லாமல். ஆனால் ஆள் குறைந்தால் இடமும் குறைய வேண்டுமே. 2013 இல் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டினார்கள், சனம் வழக்குப் போட்டது. 2015 க்குப் பிறகு துண்டு துண்டாக விட்டார்கள், 2017 யூலை 3 மயிலிட்டித் துறைமுகம் 54 ஏக்கரோடு வந்தது, 2025 சித்திரையில் வசாவிளான்–பலாலி வீதி முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு, அதுவும் பகலில் மட்டும், நிபந்தனையோடு திறந்தது. இன்னும் இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் உள்ளே கிடக்கிறது. காங்கேசன்துறைக் கடற்கரையில் இராணுவம் நடத்துகிற தல்செவன விடுதியில் காசு கொடுத்தால் எவரும் அறை எடுக்கலாம். விடுதி நடத்துவது எந்த நாட்டு இராணுவக் கல்லூரியில் பாடம் என்று கேணலிடம் கேட்க வேண்டும் போல இருந்தது. உரைபெயர்ப்பாளருக்குச் சொந்தக் கேள்வி கிடையாது, கேட்கவில்லை. கூட்டத்தில் இருந்த ஒரு தங்கச்சி அதைக் கேட்டாள். கேணல் பதில் சொல்லவில்லை, ஆனால் எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த பிறகும் இதே யோசனை. சீர்திருத்தம் என்று சொல்லி உண்மையில் சீர்திருந்திய இடம் எது என்று தேடித்தேடி வாசித்தேன், எனக்குத் திரும்பத் திரும்ப வந்து நின்றது வட அயர்லாந்து. அங்கேயும் பொலிஸ் என்றால் ஒரு பகுதிச் சனத்துக்கு, கத்தோலிக்கருக்கு, எதிராளி. 1998 பெரிய வெள்ளி சமாதான உடன்படிக்கைக்குப் பிறகு பிரித்தானிய அரசியல்வாதி கிறிஸ் பற்றன் தலைமையில் ஒரு ஆணைக்குழு போட்டார்கள். அவர்கள் பொலிஸ் தலைமையகத்தோடு நிற்கவில்லை. வட அயர்லாந்தின் 26 மாவட்டங்களிலும் பொதுக்கூட்டம் வைத்தார்கள், பத்தாயிரத்துக்கு மேற்பட்ட சனம் வந்து வாய்விட்டுக் கதைத்தது, அழுதது, ஏசியது. 1999 புரட்டாதியில் 175 பரிந்துரை வந்தது. 2001 கார்த்திகையில் பொலிஸின் பெயர் மாறியது, சின்னமும் சத்தியப்பிரமாணமும்கூட மாறின. புதிதாகச் சேர்ப்பதில் பாதிப்பேர் கத்தோலிக்கர் என்று பத்து வருடம் விதி வைத்தார்கள், எட்டு வீதமாக இருந்த கத்தோலிக்கர் கிட்டத்தட்ட முப்பது வீதமானார்கள். இன்றைக்கும் எங்கள் பக்கத்தில் முறைப்பாடு கொடுக்கப் போகிற மனுசி, தான் சொன்னதைச் சிங்களத்தில் எழுதி நீட்டிய தாளில் வாசிக்கத் தெரியாமல் கையெழுத்து வைக்கிறாள். பற்றன் அறிக்கையை வாசித்தபோது எனக்கு அவள் முகம்தான் வந்தது.

எங்களிடமும் கேட்காமல் விடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். 2015 ஒக்டோபரில் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவை எடுத்த 30/1 தீர்மானத்தில், இலங்கை தானே இணை அனுசரணை கொடுத்த அந்த வாசகத்தில், பாதுகாப்புத் துறைச் சீர்திருத்தம் என்று எழுதியிருந்தது. பிறகு மனோரி முத்தெட்டுவேகம தலைமையில் நல்லிணக்கம் பற்றிச் சனத்திடம் கேட்கிற கலந்தாலோசனைச் செயலணி நாடு முழுக்கப் போனது, 7,306 வாக்குமூலங்கள் சேர்ந்தன, 2017 தையில் அறிக்கை கையளிக்கப்பட்டது. யாழ்ப்பாண அமர்வுகளில் பேசியவர்கள் சிலரை எனக்குத் தெரியும். முதல்முறையாக ஒருவர் குறுக்கே பேசாமல் கேட்டார் என்று சொன்னார்கள். அறிக்கை அலுமாரிக்குள் போனது, 2020 மாசியில் அரசாங்கம் தீர்மானத்தின் அனுசரணையிலிருந்தும் விலகியது. ஆனால் அந்த 7,306 வாக்குமூலம் எங்கும் போய்விடவில்லை. கொழும்பில் இருக்கிற எந்தப் பாதுகாப்பு ஆலோசகரும், புதிதாக ஒரு பயிலரங்குக்குப் பணம் ஒதுக்க முன்னம், அதை எடுத்து வாசிக்கலாம். சனம் என்ன கேட்கிறது என்று அறிய யாழ்ப்பாணத்துக்குப் பறந்து வரவே தேவையில்லை. வருவதென்றால், வாசித்துவிட்டு வாருங்கள்.

நாற்பது நிமிடம் முடிந்தது. சாரதி வாசலில் வந்து நின்றார். கேணல் எழுந்து நன்றி சொன்னபோது மாமி இடுப்பிலிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்தார், அதற்குள் இன்னொரு பொலித்தீன், அதற்குள் ஒரு காணி உறுதியின் போட்டோப் பிரதி. எட்டுப் பரப்பு, கணவரின் தகப்பன் காலத்தது. கேணல் அதை வாங்குவதா விடுவதா என்று தெரியாமல் கையை நீட்டியும் நீட்டாமலும் நின்றார். “நான் உங்களுக்கு ஒரு உறுதியும் தர முடியாது அம்மா, காணி விஷயம் எங்கள் கையில் இல்லை,” என்றார். நான் அதை அப்படியே தமிழில் சொன்னேன். மாமி என்னைத் திருத்தினார்.

“அவரிட்டை உறுதி ஆர் கேட்டது? உறுதி என்னட்டை இருக்கு. இதை வாசிச்சுப்போட்டுப் போகச்சொல்லு.”

அந்த இரண்டு உறுதியையும் ஆங்கிலத்தில் பிரித்துச் சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது. கேணல் திரும்பக் கதிரையில் இருந்தார். சாரதி மணிக்கூட்டைக் காட்டினார், அவர் பார்க்கவில்லை. நான் பக்கத்தில் இருந்து வரி வரியாக வாசித்தேன்: கிழக்கு ஒழுங்கை, வடக்கு இன்னாரின் காணி, மேற்கு தென்னந்தோட்டம், தெற்கு இன்னாரின் வளவு, கிணற்றிலும் வழிவாய்க்காலிலும் பங்கு. அவர் ஒரு இடத்தில் நிறுத்தி, கிணறு இப்போதும் இருக்கிறதா என்று கேட்டார். மாமி வேலிப்பக்கம் கையைக் காட்டி, “ஆருக்குத் தெரியும் ராசா, போய்ப் பாத்தாத்தானே” என்றார்.